யாருமற்ற நிலத்தில் ஒரு குடும்பம்

1870ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கான்சாஸ் மாநிலத்து ரட்லேண்ட் டவுன்ஷிப்பில் இங்கல்ஸ் என்றொரு குடும்பம் பதிவாகியிருக்கிறது. அப்பா, அம்மா, மூன்று பெண்பிள்ளைகள். நடுப்பெண் லாராவுக்கு அப்போது மூன்று வயது. 1935இல் இதே லாரா இங்கல்ஸ் வைல்டரின் 'லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரி' வெளிவந்தது. வெள்ளை அமெரிக்கா அதைத் தன் சொந்தத் தாத்தா பாட்டி கதையாகவே படித்து வளர்ந்தது. மூன்று வயசுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும்? நாவலில் வயதைக் கூட்டிக்கொண்டார். ஆக இது நினைவு அல்ல, வீட்டில் சொல்லக் கேட்ட கதை. குடும்ப வரலாறு என்கிற கதையாடலே பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது.

முதல் பதிப்பின் தொடக்கத்தில், செவ்விந்தியரை மனிதக் கணக்கில் சேர்க்காத ஒரு வாக்கியம் இருந்தது. ஒரு வாசகர் எழுதிக் கேட்ட பிறகு, 1953 பதிப்பில் 'மனிதர்கள்' என்ற சொல் 'குடியேறிகள்' ஆனது. 2018இல், லாரா பெயரிலிருந்த குழந்தை இலக்கிய விருதின் பெயரும் மாறியது. மாறட்டும், நல்லதுதான். ஆனால் பிரச்சினை ஒரு சொல்லோடு முடிகிறதா?

பிரதியைப் பாருங்கள். வண்டி, அப்பாவின் கோடரி, பிடில், மரவீடு, கிணறு. எல்லாம் குடும்பத்தின் கைகளால் ஆனவை. அரசு எங்கேயும் இல்லை. டவுன்ஷிப் என்பதே அரசு போட்ட கோடுதான் ஐயா! 1785 நிலச் சட்டத்திலிருந்து சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்த சதுரம் அது: ஆறு மைலுக்கு ஆறு மைல், 36 பிரிவுகள், பிரிவுக்கு 640 ஏக்கர். 1862 ஹோம்ஸ்டெட் சட்டம் ஐந்து வருஷம் குடியிருந்து உழுதவனுக்கு 160 ஏக்கர் கொடுத்தது. ரட்லேண்டில் அந்தச் சட்டத்துக்கும் இடமில்லை. அது ஓசேஜ் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலம். அப்பா செய்தது, நம்மூர் ரெவின்யூ பாஷையில் சொன்னால், ஆக்கிரமிப்பு. 1870 ஜூலையில் ஓசேஜ் மக்களை அப்புறப்படுத்தி நிலத்தைக் குடியேறிகளுக்கு விற்கச் சட்டம் வந்தது. நாவலிலோ, பட்டாளம் வந்து விரட்டப்போகிறது என்று கோபப்பட்டு அப்பா கிளம்புகிறார். ஆக்கிரமித்தவரே அகதியாகிவிடுகிறார்! நிஜத்தில், விஸ்கான்சினில் இவர்கள் விற்ற பண்ணையை வாங்கியவர் பணம் கட்டமுடியாமல் போனதால்தான் திரும்பினார்கள்.

இந்த மறைப்புக்கு ஓர் அரசியல் உண்டு. கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திச் செப்பனிட்ட மகள் ரோஸ் வைல்டர் லேன், ரூஸ்வெல்ட்டின் நியூ டீல் திட்டங்களைக் கடுமையாக வெறுத்தவர். யார் தயவும் வேண்டாம், உழைத்தால் போதும் என்கிற சித்தாந்தத்துக்கு இந்தக் குடும்பம் சாட்சியாக நிறுத்தப்பட்டது. கண்பார்வை போன அக்கா மேரியின் கல்லூரிச் செலவை டகோட்டா பிரதேச அரசு ஏற்றது. கதையில் அதைக் காணோம். வீடே பாடுபட்டுக் காசு சேர்க்கிறது. ஓசேஜ் மக்களை அழித்த அதே பேனாதான் அரசையும் அழித்தது. முதலாவதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. இரண்டாவதை இன்னும் போதுமான அளவு பேசவில்லை.

ஆனாலும் பிரதி தன்னை மீறிச் சில இடங்களில் பேசிவிடுகிறது. இது இந்தியர்களின் இடம்தானே, அவர்களுக்குக் கோபம் வராதா என்று குழந்தை கேட்கத் தொடங்குகிறாள். கேள்வி கேட்டது போதும், தூங்கு என்கிறார் அப்பா. புத்தகத்திலேயே நேர்மையான இடம் இதுதான் என்பேன்.

'பயனியர்' என்பதை 'முன்னோடி' என்று பெயர்க்கிறோம். மூலத்தில் அது படைக்கு முன்னே போய் வழி வெட்டிய காலாட்படைச் சிப்பாயைக் குறித்த சொல். வண்டியில் வந்த குடும்பத்தையும் அப்படிப் படித்தால் பின்னால் வரும் படை கண்ணுக்குத் தெரியும். 1999இல் ஓஜிப்வே வழிவந்த லூயிஸ் எர்ட்ரிச் 'த பர்ச்பார்க் ஹவுஸ்' எழுதியபோது அவரும் ஒரு சிறுமி, ஒரு வீடு, நான்கு பருவங்கள் என்றே எடுத்துக்கொண்டார். அதே வடிவம், ஆனால் படை வந்துசேரும் பக்கத்திலிருந்து.

ஓசேஜ் மக்கள் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்கான நிலம் செரோக்கிகளிடமிருந்து வாங்கப்பட்டது. கான்சாஸ் நிலத்தை விற்ற அவர்களுடைய சொந்தப் பணத்தில்.