பிபிலை ஏற்றமும் ஒரு ஜோடி பெடலும்

ஷிமானோ எம்520 பெடலைப் பற்றி யாராவது என்னிடம் பேச்செடுத்தால் அவருக்கு அன்றைக்கு வேறு வேலை ஓடாது. என்னோடு பேசிக்கொண்டு நின்றவர்கள் பதுளை பஸ்ஸையே விட்டிருக்கிறார்கள். ஜோடி 380 கிராம். கறுப்பு நிறம். மேசையில் வைத்தால் ஏதோ லொறியிலிருந்து கழன்று விழுந்த சாமான் மாதிரித்தான் இருக்கும். ஆனால் அதை மாட்டிக்கொண்டு பிபிலையிலிருந்து லுணுகலைக்கு ஒரு தடவை ஏறிப் பாருங்கள், அப்புறம் நீங்கள் என்னைவிட மோசமாகப் பேசுவீர்கள்!

எங்கள் ஊரின் அருமை வெளியாட்களுக்குத் தெரியாது. பேராதனையில் தொடங்கி நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை என்று மலையைச் சுற்றிவரும் ஏ5 வீதி லுணுகலையைத் தாண்டித்தான் பிபிலைக்கு இறங்கி, மஹாஓயா வழியாகச் செங்கலடி போய்ச் சேர்கிறது. மலைநாடு முடிந்து கிழக்குச் சமவெளி தொடங்குகிற விளிம்பு எங்களுடையது. விடியற்காலை குளிருக்குள் தேயிலை மலைகளை விட்டு இறங்கினால், பிபிலையில் வெயில் மண்டையைப் பிளக்கும். ஒரு தோடம்பழத்தை உரித்துத் தின்றுவிட்டு, இறங்கியதை எல்லாம் திரும்ப ஏறவேண்டும். சைக்கிள்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது ஊரே சைக்கிளைத் தேடியது. விலையும் தாறுமாறாக ஏறியது. பெற்றோல் வந்ததும் பலர் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டார்கள். எனக்கு மட்டும் பைத்தியம் தெளியவில்லை. என்னுடையது கொழும்புக்குக் கப்பலில் வந்திறங்கும் பழைய ஜப்பான் சைக்கிள்களில் ஒன்று, மெல்லிய டயர், வளைந்த ஹேண்டில். அதோடு வந்த பெடலில் விரலுக்கு ஒரு கூண்டும் இறுக்க ஒரு வாரும் இருந்தன. இறங்கவேண்டுமானால் குனிந்து வாரைத் தளர்த்த வேண்டும். வளைவில் எதிரே பஸ் வரும்போது குனிந்து வார் தேடுவது யாருக்கு முடியும்?

டுபாயில் வேலை செய்யும் அக்கா மகன்தான் லீவில் வரும்போது பெட்டியில் இந்தப் பெடலைக் கொண்டுவந்தான். "மாமா, இது சப்பாத்தோடதான் வேலை செய்யும், சப்பாத்தும் வாங்கியிருக்கேன்" என்றான். நல்ல பிள்ளை.

சங்கதி இதுதான். சப்பாத்தின் அடியில் கிளீட் என்று ஒரு சின்னத் தகடு. பெடலில் ஸ்பிரிங் வைத்த ஒரு கவ்வி. முன்விரல் பக்கத்தைச் சற்று முன்னே கொடுத்து மிதித்தால் 'டக்' என்று கவ்விக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். அந்த 'டக்' சத்தம் இருக்கிறதே, அதற்காகவே நான் காலை நாலு மணிக்கு எழும்புவேன்.

பனிச்சறுக்கிலிருந்து வந்த யோசனை இது. சறுக்குப் பலகையில் காலைப் பிடித்துவைத்து, விழும்போது தானாக விடும் பூட்டுகளைப் பிரான்சில் லுக் என்ற கம்பனி செய்துகொண்டிருந்தது. அதே சூட்சுமத்தை 1984இல் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தது. மறுவருடமே பெர்னார்ட் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் வென்றார், அதுவும் நடுவில் விழுந்து மூக்கு உடைந்த நிலையில்! கூண்டும் வாரும் அதற்குப் பிறகு பந்தயங்களிலிருந்து மெல்ல மறைந்தன. 1990இல் ஷிமானோ மலைச் சைக்கிளுக்கென்று எஸ்.பி.டி. என்ற சின்ன இரும்புக் கிளீட்டைக் கொண்டுவந்தது. என் பெடல் அந்த வம்சம்.

காலை மேலே இழுத்தால் இரட்டை வேகம் கிடைக்கும் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். அப்படியே நம்பிவிடாதீர்கள். சைக்கிளை மலையேற்றுவது மிதிக்கிற கால்தான். மேலே வருகிற கால் தன் பாரத்தைப் பெடலில் போட்டு மற்றக் காலுக்கு எதிராக நிற்காவிட்டாலே பெரிய உதவி. உண்மையான சுகம் வேறு: பாதம் எந்நேரமும் ஒரே இடத்தில் இருக்கிறது. மழையில் நனைந்த சாதாரண பெடலில் வழுக்கி, முன்னங்காலில் பல்லுப் பதிந்தவர்களுக்கு இது புரியும். குண்டும் குழியுமான இறக்கத்தில் சைக்கிள் துள்ளினாலும் கால் துள்ளாது. எழுந்து நின்று மிதிக்கும்போது சைக்கிள் உடம்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. கடைசி வளைவில், தொடை இரண்டும் எரியும்போது, பாதம் எங்கே இருக்கிறது என்ற கவலை இல்லாமல் மூச்சை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். ஆகா!

இப்போது பெரிய சண்டைக்கு வருவோம். ரோட்டுச் சைக்கிளுக்கு மூன்று ஆணிக் கிளீட்தான் மரியாதை, இரண்டு ஆணி எஸ்.பி.டி. போடுவது குற்றம் என்று கொழும்பு ஓட்டக்காரர்கள் சொல்வார்கள். மூன்று ஆணிக் கிளீட் அகலமானது, பாரம் பரவலாக இறங்கும், பந்தயத்துக்கு அதுதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பிளாஸ்டிக். சப்பாத்தின் அடியில் துருத்திக்கொண்டு நிற்கும். அதைப் போட்டுக்கொண்டு எங்கள் ஊரில் நடந்து பாருங்கள்! தேத்தண்ணிக் கடைப் படி, மண்சரிந்து கிடக்கிற இடம், பாசி பிடித்த லயத்துப் படிக்கட்டு. வாத்து நடை நடந்து வழுக்கி விழுவீர்கள், கிளீட்டும் தேய்ந்துபோகும். எஸ்.பி.டி. கிளீட் இரும்பு. ரப்பர் அடிக்குள் பதுங்கியிருக்கும், சாதாரண சப்பாத்து மாதிரி நடக்கலாம். அதோடு எம்520க்கு இரண்டு பக்கமும் கவ்வி உண்டு. ஏற்றத்தின் நடுவில் நின்று மறுபடி புறப்படும்போது எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று தேடிக் குனியத் தேவையில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் கட்சி மாறமாட்டேன்.

பந்தயத்துக்குத்தான் போவேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் நிறத்தைக் கவனியுங்கள். கால் பெடலுக்குள் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்ப இடம் வேண்டும், இல்லாவிட்டால் முழங்கால் பழிவாங்கும். ஷிமானோவின் மூன்று ஆணிக் கிளீட்டில் மஞ்சள் 6 பாகை திரும்பும், நீலம் 2 பாகை, சிவப்பு அசையவே அசையாது. லுக் கியோவில் கறுப்புத்தான் அசையாதது, சாம்பல் நிறம் 4.5 பாகை, சிவப்பு 9 பாகை. ஒரு கம்பனிக்குச் சிவப்பு விலங்கு, மற்றதற்கு முழு விடுதலை! இரண்டுக்கும் சப்பாத்து ஓட்டை ஒன்றுதான், ஆனால் ஒன்றின் கிளீட் மற்றதன் பெடலில் ஏறாது. ஒன்லைனில் வாங்குகிறவர்கள் இதைப் பார்க்காமல் காசைக் கட்டாதீர்கள்.

எஸ்.பி.டி.யில் இரண்டு வகை. எஸ்.எச்.51 பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் விடும். எஸ்.எச்.56 பல பக்கமும் விடும், பதறி மேலே இழுத்தாலும் விடும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு 56 நல்லது. ஆனால் எழுந்து நின்று மூர்க்கமாக மிதிக்கிற என் போன்றவர்களுக்கு 51தான். ஏற்றத்தில் கால் திடீரென்று கழன்றால் முழங்கால் ஹேண்டிலில் போய் மோதும். 51ஐப் போட்டு, கவ்வியின் ஸ்பிரிங்கைத் தளர்த்தி வைத்துக்கொள்வதே என் தீர்ப்பு. 3 மில்லிமீற்றர் அலன் சாவி போதும். பெடலுக்கு இரண்டு பக்கம், ஆக நான்கு இடத்தில் ஸ்குரூ. நான்கையும் ஒரே அளவுக்குத் திருப்புங்கள்.

பெடலை மாட்டக் கடைத்தெருவில் உள்ள சைக்கிள் பாஸிடம் போனேன். அவர் கிரீஸ் பூசி, வலதை வலப்பக்கமாகவும் இடதை இடப்பக்கமாகவும் முறுக்கினார். இடது பெடலுக்குப் புரி தலைகீழ். அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர்கள் விமானம் விட்ட ரைட் சகோதரர்கள் என்று சொல்வார்கள். அவர்கள் முதலில் சைக்கிள் கடைக்காரர்கள்தானே. பாஸ் கவ்வியை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "அப்ப கால் மாட்டிக்கிட்டா யாரு தம்பி வந்து எடுத்துவிடறது?" என்று கேட்டார். சப்பாத்தைப் போட்டு மாட்டிக் கழற்றிக் காட்டினேன். மனிதர் விடவில்லை. கையாலேயே சப்பாத்தைப் பிடித்து 'டக் டக்' என்று மாட்டிக் கழற்றிக்கொண்டே இருந்தார். அவருக்கும் பிடித்துவிட்டது!

கிளீட் வைக்கும் இடத்தில் அவசரம் கூடாது. பெருவிரலுக்குப் பின்னால் பாதம் அகன்று மேடாக நிற்கும் எலும்பைத் தொட்டுப் பாருங்கள். பெடலின் அச்சு அதற்கு நேரே அல்லது சற்றுப் பின்னால் வரவேண்டும். ஏற்றக்காரர்கள் பின்னால் வைப்பது நல்லது, கெண்டைக்கால் சோராது. நகர்த்துமுன் பேனையால் சுற்றிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஆணிக்குக் கிரீஸ் கட்டாயம். ஐப்பசி கார்த்திகை மழையில் ஓட்டினால் ஆணி துருவேறி, பிறகு கிளீட்டைக் கழற்ற ஒருவராலும் முடியாது.

சப்பாத்தில் ஒரு விஷயம். சின்ன வயசு முழுக்கச் செருப்போடும் வெறுங்காலோடும் திரிந்த நமக்கு விரல்பக்கம் அகலம். ஷிமானோவில் அகலப் பாதத்துக்கென்றே சில மாதிரிகள் உண்டு, அதையே கேளுங்கள். பின்னேரம் போட்டுப் பாருங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். வலைத்துணி வைத்த சப்பாத்து காற்றோட்டம்தான், ஆனால் மழைக்காலத்தில் புல்லோரம் சைக்கிளைச் சாத்தினால் அட்டை அதற்குள்ளேயும் புகுந்துவிடும். கொழுந்தெடுக்கிற அக்காமார் மாதிரிக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு நான் புறப்படுவதைப் பார்த்து வீட்டில் சிரிக்கிறார்கள்.

பழகுகிறவர்கள் முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு மாட்டிக் கழற்றுங்கள், பிறகு பள்ளிக்கூட மைதானம், அதற்குப் பிறகுதான் ரோட்டு. நிற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் ஒரு காலைக் கழற்றிவிட வேண்டும். பசறைப் பக்கம் போனால், 2021இல் லுணுகலை பஸ் கவிழ்ந்து பல உயிர் போன 13ஆம் கட்டையில் என் இடது கால் எப்போதும் வெளியேதான்.

ஆடி ஆவணியில் வாருங்கள். கச்சான் காற்று அடிக்கும், ரோட்டு காய்ந்து கிடக்கும், ஊவாத் தேயிலைக்கும் அதுதான் மணம் ஏறும் காலம். பெடல் இல்லையென்று யோசிக்கவேண்டாம், என் சைக்கிளையே தருகிறேன். சப்பாத்து 42ஆம் சைஸ், அகலம். காலுக்குச் சரியாக இருந்தால் பிபிலை வரை போய் வாருங்கள். திருப்பித் தர மனம் வருமா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.