ரெவலேஷன்ஸ் (பேட்டில்ஸ்டார் கலாக்டிகா)

'ரெவலேஷன்ஸ்' என்பது 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்ற அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரின் ஓர் அத்தியாயம். தொடரின் நான்காம் பருவத்தின் முதற்பாதி இதனுடன் முடிந்தது. 2008 ஜூன் 13 அன்று சைஃபை சேனலில் ஒளிபரப்பானது. எழுதியவர்கள் பிராட்லி தாம்சன், டேவிட் வெடில். இயக்கியவர் மைக்கேல் ரைமர். அத்தியாயத்தின் முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றி விமர்சனம் எழுத இயலாது. ஆகவே தொடரைப் பார்க்க எண்ணியிருப்போர் பார்த்தபின் படிப்பது நல்லது.

பின்னணி

ஒரு பருவத்தை இரண்டாகப் பிரித்து, நடுவில் சில வாரங்களோ மாதங்களோ இடைவெளி விடுவது அமெரிக்கத் தொலைக்காட்சியில் வழக்கம். அந்த இடைவெளிக்கு முன் வரும் அத்தியாயத்துக்கு, நம் திரைப்படங்களில் இடைவேளைக்கு முந்தைய காட்சி செய்கிற அதே வேலைதான். பார்ப்பவரைத் திரும்பி வரவைக்க வேண்டும். அதற்கு எளிய வழி, யாரையாவது ஆபத்தில் நிறுத்திவிட்டுத் திரையை இருளாக்குவது. இத்தொடரும் முன்பு அதைச் செய்திருக்கிறது. 2005இல் இரண்டாம் பருவத்தின் நடுவில் வந்த 'பெகாசஸ்' அத்தியாயம், ஒரே படையைச் சேர்ந்த இரண்டு போர்க்கப்பல்கள் ஒன்றையொன்று தாக்கப் புறப்படும் கணத்தில் முடிந்தது.

'ரெவலேஷன்ஸ்' வேறு வழியில் சென்றது. நான்கரை ஆண்டுகளாகத் தொடர் தன் பார்வையாளர்களிடம் கேட்டுவந்த பெரிய கேள்விக்கு விடையைச் சொல்லிவிட்டு நிறுத்தியது. அந்த விடையின் வலு புரிய, தொடரின் தொடக்கத்துக்குச் செல்ல வேண்டும்.

கிளென் ஏ. லார்சன் 1978இல் உருவாக்கிய பழைய தொடரை ரொனால்ட் டி. மூர் புதிதாக எழுதினார். 2003 டிசம்பரில் அது குறுந்தொடராக வந்தது. மனிதர் படைத்த இயந்திரங்களான சைலான்கள் பன்னிரண்டு கோள்களையும் அணுகுண்டால் அழிக்கின்றன. ஐம்பதாயிரம் பேருக்குச் சற்று மேற்பட்டோர் மட்டும் கப்பல்களில் தப்புகிறார்கள். இறந்தவர்களுக்கான இறுதிச் சடங்கில், தளபதி அடாமா அவர்களிடம் ஒன்றைச் சொல்கிறார். புராணங்களில் கூறப்படும் பூமி உண்மையிலேயே இருக்கிறது, அதன் இடம் தனக்குத் தெரியும், அங்கே அழைத்துச் செல்வேன் என்கிறார். அது பொய். குடியரசுத் தலைவர் ரோஸ்லின் தனியே கேட்டபோது ஒப்புக்கொள்கிறார். மக்களுக்கு வாழ ஒரு காரணம் வேண்டும் என்பது அவர் வாதம். ரோஸ்லினும் அந்த இரகசியத்தைக் காக்கிறார்.

பிறகு நடப்பது விந்தையானது. பொய்யென்று அறிந்த ரோஸ்லினே, புற்றுநோயால் வாடும்போது மறைநூல்களில் தன்னைப் பற்றிய முன்னறிவிப்பைக் கண்டு, பூமியை முழுமையாக நம்பத் தொடங்குகிறார். அடாமாவும் மெல்ல நம்புகிறார். பொய் சொன்னவர்களே அதற்கு அடியார்களாகிவிட்டார்கள். 'ரெவலேஷன்ஸ்' அந்தப் பொய்க்கான கணக்கைத் தீர்க்கும் அத்தியாயம்.

கதை

கிளர்ச்சி செய்து பிரிந்த சைலான்களின் கப்பலில் ரோஸ்லின் உட்படப் பல மனிதர்கள் பிணையாக இருக்கிறார்கள். மீண்டும் உயிர்பெற்றுத் தலைமை ஏற்ற டி'ஆனா (லூசி லாலெஸ்), மனிதர்களிடையே தம்மையும் மனிதர் என்றே கருதி வாழ்ந்த நான்கு சைலான்களைத் தன்னிடம் ஒப்படைக்கக் கோருகிறாள். மறுத்தால் பிணையாளிகளை ஒவ்வொருவராகக் கொல்வாள். அந்த நால்வரில் ஒருவர் அடாமாவின் துணைத் தளபதியான டை. அவர் தானாகவே அடாமாவிடம் சென்று உண்மையைச் சொல்லி, தன்னையே பிணையாக வைத்து டி'ஆனாவை மிரட்டச் சொல்கிறார். இதற்கிடையே ஸ்டார்பக்கின் போர்விமானம் ஒரு சமிக்ஞையைப் பெறுவது தெரியவருகிறது. அது பூமிக்கு வழி. தற்காலிகத் தலைவராக இருக்கும் லீ அடாமா இரு தரப்புக்கும் உடன்பாடு காண்கிறார். அனைவரும் சேர்ந்து பூமியை அடைகிறார்கள்.

மதிப்பீடு

நடிப்பில் முதலிடம் மைக்கேல் ஹோகனுக்கு. சைலான்களுக்கு உதவினாள் என்பதற்காகத் தன் மனைவிக்குத் தன் கையாலேயே நஞ்சு கொடுத்தவர் டை. அப்படிப்பட்டவர், 'நானே சைலான்' என்று பல்லாண்டு நண்பரிடம் சொல்ல வேண்டும். ஹோகன் இதில் குரலை உயர்த்துவதில்லை. பணி அறிக்கை தருவதுபோல் நேராக நின்று சொல்கிறார். உடைவது அடாமாதான். எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் கண்ணாடியை உடைத்துக் குடிபோதையில் தரையில் சரியும் காட்சி சற்று மிகை என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. மக்களிடம் பொய் சொன்னபோது கலங்காத மனிதர், தன்னிடம் ஒருவர் உண்மை சொன்னதும் நிலைகுலைகிறார்.

தலைப்பு பன்மையில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். உலக முடிவைச் சொல்லும் விவிலியத்தின் கடைசி நூலை இத்தலைப்பு நினைவூட்டுகிறது. தமிழில் அந்நூல் 'வெளிப்படுத்தின விசேஷம்'. இங்கே வெளிப்படுபவை இரண்டு: ஒன்று டை யார் என்பது, மற்றொன்று பூமி எப்படி இருக்கிறது என்பது. முதல் உண்மையைத் தாங்கிக்கொண்டு மனிதரும் சைலான்களும் கை குலுக்குகிறார்கள். அதற்குப் பரிசுபோல வருகிறது இரண்டாம் உண்மை.

கடைசிச் சில நிமிடங்களே இந்த அத்தியாயம் நினைவில் நிற்கக் காரணம். அடாமா அன்று தந்த வாக்குறுதியைக் குறிப்பிட்டு, வந்து சேர்ந்துவிட்டோம் என்று அறிவிக்கிறார். கப்பல்கள்தோறும் ஆரவாரம், கண்ணீர், தழுவல். இசை உச்சத்தில் இருக்கும்போதே காட்சி தரைக்கு மாறுகிறது. அடாமாவின் கை மண்ணை அள்ளுகிறது. கதிரியக்கம் காட்டும் கைகர் கருவி டிக் டிக் என்று ஒலிக்கிறது. பிறகு ஒரே நீண்ட நகர்வில் கேமரா முகம் முகமாகச் செல்கிறது. மனிதர், சைலான் வேறுபாடில்லாமல் எல்லா முகத்திலும் ஒரே வெறுமை. பின்னால் சாம்பல் நிற வானத்தின் கீழ் இடிந்த நகரம். வசனம் இல்லை என்றே சொல்லலாம். பழைய தொடரின் நீட்சியாக 1980இல் வந்த 'கலாக்டிகா 1980' இதே மக்களை நம் காலத்துப் பூமியில் நலமாக இறக்கியது. இரண்டையும் ஒப்பிட்டால், மூர் எவ்வளவு துணிந்தார் என்பது விளங்கும்.

குறைகளும் உண்டு. டையைக் கப்பலுக்கு வெளியே தள்ளும் கதவருகே நிறுத்தி நொடிகளை எண்ணுவதும், கடைசி நொடியில் ஸ்டார்பக் ஓடிவந்து தடுப்பதும் எல்லாத் தொடர்களிலும் பார்த்ததுதான். ஆண்டுக்கணக்கில் நீண்ட பகை, லீயின் ஒரு பேச்சில் தீர்வதும் அவசரம். உண்மையில் அந்த உடன்பாட்டுக்குத் தனி அத்தியாயமே தேவைப்பட்டிருக்கும். ஸ்டார்பக்கின் விமானத்துக்கு மட்டும் ஏன் அந்தச் சமிக்ஞை வருகிறது என்பதற்குத் தொடர் இறுதிவரை தெளிவான பதில் தரவில்லை. தெய்வச் செயல் என்பதுபோல விட்டுவிட்டார்கள்.

பின்வந்தவை

அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 2007 நவம்பர் 5 முதல் 2008 பிப்ரவரி 12 வரை வேலைநிறுத்தம் செய்தனர். அதனால் இத்தொடரின் படப்பிடிப்பும் நின்றது. தொடர் இத்தோடு முடிந்துவிடுமோ என்ற அச்சம் படக்குழுவில் இருந்தது. அப்படி நடந்திருந்தால் தொலைக்காட்சி வரலாற்றின் மிக இருண்ட முடிவுகளில் ஒன்றாக இது இருந்திருக்கும்.

ஏழு மாத இடைவெளிக்குப்பின், 2009 ஜனவரி 16 அன்று 'சம்டைம்ஸ் எ கிரேட் நோஷன்' வந்தது. அது இந்த ஏமாற்றத்தின் விலையை மறைக்கவில்லை. துவாலா என்னும் இளம் அதிகாரி, லீயுடன் மகிழ்ச்சியாக ஒரு மாலையைக் கழித்துவிட்டுத் தன்னைச் சுட்டுக்கொள்கிறாள். பொய்யான நம்பிக்கை போனபின் எல்லோராலும் வாழ முடிவதில்லை என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன அறிவியல் புனைவுகள் குறைவு.

ஆனால் 2009 மார்ச் 20 அன்று வந்த நிறைவு அத்தியாயத்தில், அவர்கள் பசுமையான மற்றொரு கோளைக் காண்கிறார்கள். அடாமா அதற்கும் பூமி என்றே பெயரிடுகிறார். அதுதான் நாம் வாழும் பூமி என்றும் காட்டப்படுகிறது. இதை வரவேற்றவர்கள் பலர். இருந்தாலும், 'ரெவலேஷன்ஸ்' துணிவுடன் பறித்ததை நிறைவு அத்தியாயம் இரக்கப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்பதே என் கருத்து. தளபதியின் பொய் கடைசியில் பலித்துவிடுகிறது. அதைச் சொன்னதற்காக அவர் யாருக்கும் பதில் சொல்ல நேரவில்லை.

முழுத் தொடரையும் பார்க்க நேரமில்லாத மாணவர்கள், 2003 குறுந்தொடரின் கடைசிக் கால்மணி நேரத்தையும் இந்த அத்தியாயத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். இடையில் நடந்த போர்கள் புரியாமல் போகும். வாக்குறுதி தந்த முகமும் மண்ணை அள்ளும் கையும் ஒரே மனிதருடையவை என்பது புரியும்.