சொம்பும் பிடிமண்ணும்: வடிவமைப்புக் கொள்கை ஆவணங்களைப் புதுக்கோட்டையிலிருந்து வாசித்தல்

இந்திய வடிவமைப்புக் கொள்கையின் தொடக்கமே பன்னாட்டு ஒத்துழைப்புதான். நடுவண் அரசின் அழைப்பின்பேரில், ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியுடன் வந்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958 ஏப்ரலில் ‘இந்திய அறிக்கை’யை அளித்தனர். அதன் பயனாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. 1979 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் தொழில் வளர்ச்சி அமைப்பின் பங்கேற்புடன் அங்குக் கூடிய மாநாட்டிலிருந்து ‘அகமதாபாத் பிரகடனம்’ பிறந்தது. இரண்டுமே உள்ளூர்க் கைத்திறனை மதித்த ஆவணங்கள். அம்மதிப்பின் எல்லை எது என்பதைச் சோதிக்கப் புதுக்கோட்டை மாவட்டத்து மண்குதிரை தக்க உரைகல்லாகும்.

ஈம்ஸ் அறிக்கையின் புகழ்பெற்ற பகுதி சொம்பைப் பற்றியது. எவ்வளவு நீர் கொள்ளும், எப்படித் தூக்கப்படும், எடைமையம் எங்கு நிற்கும், ஊற்றும்போது எவ்வாறு ஒலிக்கும் என வினாக்கள் அடுக்கப்படுகின்றன. அதை விற்பவர், கொடுப்பவர் உணர்வுகூட அங்கு இடம்பெறுகிறது. சொம்பைத் தனியொருவர் வடிவமைக்கவில்லை, பல தலைமுறையினர் சேர்ந்து உருவாக்கினர் என்பது அறிக்கையின் முடிவு. நுட்பமான பார்வை இது. ஆயினும் ‘பல தலைமுறையினர்’ என்னும் அந்தப் பெருமைக்குள் இன்று சொம்பு செய்பவர் பெயரற்றவராகிறார். அவருக்குரிய மூலப்பொருள், உரிமை பற்றிய வினா அப்பட்டியலில் எழவில்லை.

ஐயனாருக்குரிய மண்குதிரையோ உறவிலிருந்தே தொடங்குகிறது. புரவியெடுப்பு நடத்த முடிவானதும் ஊரார் வேளாரிடம் பிடிமண் கொடுக்கின்றனர். அந்த ஒரு பிடி மண்ணே ஒப்பந்தம். களிமண்ணில் மணலும் உமியும் கலக்கப்படும். முதலில் கால்கள் உருளைகளாக நிறுத்தப்படும். அவை பாரம் தாங்குமளவு இறுகிய பின்னரே வயிறு, கழுத்து, தலை எனப் படிப்படியாக மேலேற்றுவர். அவசரப்பட்டால் கீழ்ப்பகுதி நசுங்கிவிடும். உட்கூடாக விடுவது எடையைக் குறைப்பதோடு, சூளையில் வெடிப்பையும் தடுக்கிறது. நமணசமுத்திரத்தை அடுத்த இளங்குடிப்பட்டி ஐயனார் கோயிலில் நிற்கும் குதிரை வரிசைகளில் சிதைந்தவையும் உண்டு. பழையதைச் செப்பனிடாமல் புதிதாகச் செய்து வைப்பதே வழக்கம். ஆகவே சிதைவு இங்குக் குறையன்று. அடுத்த தலைமுறையின் கைக்கு வேலையும் பயிற்சியும் அதனால்தான் கிடைக்கின்றன.

உள்ளூர்த் தேவைக்கு உள்ளூர்த் திறன், பொருள், மரபு ஆகியவற்றைக் கொண்டே விடை காணவேண்டும் என்கிறது 1979ஆம் ஆண்டுப் பிரகடனம். பின்வந்த கொள்கைகள் இக்கருத்தைச் சந்தையின் வழியாகவே பெரிதும் விளங்கிக்கொண்டன. உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்பாட்டையொட்டி 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம், வணிகத்தில் புழங்கும் சரக்கின் பெயரைக் காக்கிறது. 2007ஆம் ஆண்டுத் தேசிய வடிவமைப்புக் கொள்கையின் முதன்மை அக்கறை தொழிற்போட்டித் திறன். அதே ஆண்டு ஜப்பானிய ஒத்துழைப்புடன் காஞ்சிபுரத்துக்கென உருவான இந்தியத் தகவல் தொழில்நுட்ப, வடிவமைப்பு, உற்பத்தி நிறுவனம் பொறியியல் கல்விக்குரியது. இவை தம்மளவில் பயனற்றவை அல்ல. ஆனால் வரவேற்பறைக்கான சிறு குதிரையை இச்சட்டகம் எளிதில் அடையாளம் காணும்; விற்பனைக்கன்றி நேர்த்திக்கடனாகச் செய்யப்பட்டு, வெயிலிலும் மழையிலும் கரையவிடப்படும் பெருங்குதிரை அதன் கண்ணில் படுவதில்லை.

குளமங்கலத்துப் பெருங்குதிரை போன்ற காரைக் கட்டுமானங்களை மரபின் வீழ்ச்சி எனப் புலம்புவதும் பொருந்தாது. ஊராரின் தேர்வும் புத்தாக்கமே. எனினும் காரைக் குதிரைக்கு அடுத்த விழாவில் பிடிமண் கொடுக்க வேண்டியதில்லை. வேளாரின் சூளைக்கு அதனால் நேரும் இழப்பை எந்தக் கொள்கை ஆவணமும் கணக்கிடவில்லை.

மண்குதிரையின் எதிர்காலம் உண்மையில் கண்மாய் மண்ணைச் சார்ந்தது. மட்பாண்டத் தொழிலுக்குக் கண்மாயில் மண் எடுக்க வழிசெய்வது 1959ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள். அவ்விதிகள் வடிவமைப்புக் கொள்கையின் பகுதியாக எண்ணப்படுவதே இல்லை. இனிவரும் பன்னாட்டுத் திட்டம் எதுவாயினும், சந்தைக்கு ஏற்ற வடிவங்களை வேளாருக்குக் கற்பிக்கும் பட்டறையைத் திறக்குமுன், எந்தக் கண்மாயில், எந்த மாதத்தில், யாருடைய அனுமதியுடன் அவர் மண் எடுக்கிறார் என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.