ஆற்றுக்குள் 14 பேர்

அமெரிக்க நாட்டின் 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. சிகாகோ நகரின் நடுவே 1002 என்னும் எண் பெற்ற கணக்கெடுப்புத் துண்டில் 14 பேர் வசிக்கின்றனராம். பெரியவர் 13, குழந்தை ஒன்று. ஆனால் அத்துண்டு முழுவதும் சிகாகோ ஆற்றின் ஒரு வளைவு. தண்ணீரைத் தவிர அங்கு வேறொன்றும் இல்லை!

கணக்கெடுத்தவர் உறங்கிவிட்டாரோ என்று எண்ணாதீர்கள். எண்களில் அறிந்தே பிழை கலந்ததன் விளைவு இது. ஏன் கலந்தார்கள்?

ஒரு துண்டில் மூவர் வாழ்வதாகக் கொள்வோம். பெயர் எதுவும் வெளியிடப்படவில்லை. சராசரி வயது 40, இடைநிலை வயது 34, 85-ஐ எட்டியவர் ஒருவர் என்று மட்டும் பட்டியல்கள் கூறுகின்றன. தாளில் போட்டுப் பாருங்கள். மூவரின் வயதையும் கூட்டினால் 120. நடு ஆளை நீக்கினால் மிச்சம் 86. ஆகவே மூத்தவருக்கு 85, இளையவருக்கு 1. அல்லது மூத்தவருக்கு 86, இளையது ஓராண்டு நிரம்பாத குழந்தை. வேறு விடை கிடையாது. 2010 கணக்கில் சுமார் 31 கோடி மக்களைப் பற்றி 15,000 கோடிக்கும் மேற்பட்ட எண்கள் வெளியாயின. கணக்கெடுப்பு நிறுவனத்தாரே அவற்றைக் கணிப்பொறியில் இட்டுப் பார்த்தனர். 46 விழுக்காட்டினரின் இருப்பிடத் துண்டு, பால், வயது, இனம் எல்லாம் பிசகின்றி மீண்டன. விலைக்குக் கிடைக்கும் முகவரிப் பட்டியல்களோடு ஒப்பிட்டபோது 17 விழுக்காட்டினரின் அடையாளமே உறுதிப்பட்டதாக 2019-இல் அறிவித்தனர்.

ஸ்டீவன் ரகிள்ஸ் போன்ற மக்கள்தொகை ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. இதில் பெரும்பகுதி குருட்டு ஊகத்துக்கே அகப்படக்கூடியது என்றனர். அதில் நியாயம் உண்டு. ஆயினும், தெருவெல்லாம் ஒரே இனத்தவராயிருந்தால் ஊகம் பலிக்கும். தனித்து நிற்கும் ஒரு குடும்பத்தின் மட்டில் பலிக்காது. காப்பு வேண்டியிருப்பது அக்குடும்பத்துக்குத்தானே!

2006-இல் சிந்தியா டுவொர்க்கும் தோழர்களும் வகுத்த முறையையே நிறுவனம் கையாண்டது. ஒவ்வோர் எண்ணிக்கையிலும் சிறிது கூட்டியோ குறைத்தோ தற்செயல் பிழையைக் கலப்பது அது. ஊசல் கொண்டு ஆய்வு செய்த உங்களுக்கு இது அச்சமூட்டாது. பிழையின் அளவு தெரிந்தால் அதனோடு குடித்தனம் நடத்தலாம். பல துண்டுகளைக் கூட்டும்போது கூடுதலும் குறைவும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடு செய்துவிடும். பெரிய நகருக்குப் பாதிப்பில்லை. 20 பேர் வாழும் குக்கிராமத்துக்குத்தான் சேதம். முறையில் எனக்குக் குறையில்லை. நடத்திய விதத்தில் உண்டு.

ஒரு மனிதரின் விவரம் சேர்ந்தாலும் விடுபட்டாலும் வெளிவரும் விடையின் வாய்ப்பு எத்தனை மடங்குக்கு மேல் மாறாது என்பதை எப்சிலான் என்னும் எண் குறிக்கிறது. கொள்கையாளர் பேசி வந்தது 1-ஐ ஒட்டிய மதிப்பை. அதாவது சுமார் 2.7 மடங்கு. தொகுதி வரையறைக்கான பட்டியலுக்கு நிறுவனம் எடுத்துக்கொண்டதோ 19.61. அடுக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 33 கோடி மடங்கு! இது உச்ச வரம்புதான், உண்மைக் கசிவு மிகக் குறைவாகவே இருக்கும் என்பர். இருக்கலாம். ஆனால் இவ்வளவு அகன்ற வேலியைக் காட்டி, கணிதம் தந்த உறுதிமொழி என்று பெருமை பேசலாமா?

இரண்டாவது குறை இன்னும் பெரிது. பிழை கலந்தால் சில இடங்களில் மக்கள் தொகை −3 என்றுகூட வரும். பார்ப்பவர் நகைப்பர் என்று அதைச் சுழியாக்கினர். மாநில மொத்தம் மாறக்கூடாது என்பதால், ஓரிடத்தில் ஏறியதை வேறிடத்தில் குறைக்க வேண்டியதாயிற்று. எதிர்க்குறி அளவீடுகளை வெட்டிவிட்டுச் சராசரி காணும் மாணவனுக்கு நான் மதிப்பெண் இடமாட்டேன். தற்செயலாயிருந்த பிழை இப்போது ஒருபக்கமாய்ச் சாய்ந்துவிடுகிறது. ஆளில்லாத இடங்களில் ஆள் முளைக்கிறது. நெருக்கமான இடங்களில் குறைகிறது. கூட்டினாலும் அது ஈடாகாது.

இந்த மெருகுக்கு முந்தைய எண்களை, எதிர்க்குறிகளோடு, நிறுவனம் 2023-இல்தான் வெளியிட்டது. மெருகிட்ட பட்டியல் வெளியானது 2021 ஆகஸ்டில். 2022 தேர்தலுக்கான தொகுதி எல்லைகள் அதைக் கொண்டே வரையப்பட்டன.