கிஸ்ஸாவிலிருந்து ட்வைலைட் வரை

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாகத் திருவில்லிபுத்தூர் செல்லும் சாலையில் உள்ள டி. கல்லுப்பட்டி, புத்தகக் கடைகளுக்குப் பேர்போன ஊரன்று. ஆயினும் அவ்வூரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆங்கிலவழியில் பயிலும் நம் பெண்மக்கள், இரத்தக் காட்டேரிகளும் ஜின்களும் மாயகுலத்து இளவரசர்களும் காதல்புரியும் தடித்த நாவல்களைக் கைப்பேசியில் படித்து வருகின்றனர். பெற்றோர் சிலர் இதனை அறியார். அறிந்தோரில் பலர், கைப்பேசியைப் பறித்து வைத்ததோடு கடமை முடிந்தது எனக் கருதுகின்றனர். படிக்க வைத்ததால் வந்த வினை என்று சொல்லிப் படிப்பையே நிறுத்த முனைவோரும் உளர். ஒரு நாவலின் பெயரால் ஒரு பெண்ணின் கல்வி முடிவுறுமாயின், அந்நாவலைப் படித்துப் பார்த்துத் தீர்ப்புக் கூறும் பொறுப்பு நமக்கும் உண்டு.

காதலும் மாயமும் நம் மரபுக்கு அயலானவை என்னும் வாதம் நிற்காது. திருக்குர்ஆன் அழகிய வரலாறு எனச் சுட்டும் யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றில் தாழிடப்பட்ட கதவுகள் உண்டு. பின்புறம் கிழிந்த சட்டை உண்டு. கத்தியால் அறுபட்ட கைகள் உண்டு. வேட்கை அங்கு மறைக்கப்படவில்லை. படிப்போர் உள்ளத்தில் மூட்டப்படவும் இல்லை. அப்பெண்ணின் பெயர்கூட அங்கே இல்லை. பெயரையும் பின்கதையையும் வளர்த்தோர் உரையாசிரியரும் கவிஞருமே. ஜாமி 1483இல் பாரசீகத்தில் அதனைப் பாடினார். 1957இல் சாரணபாஸ்கரன் தமிழில் 'யூசுப் ஜுலைகா' காப்பியம் தந்தார். இலங்கையில் சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' கடல்கடந்த சாகசமும் காதலும் கலந்த நாவலே.

இவற்றுக்கும் முன்னரே கிஸ்ஸாக்கள் இருந்தன. முகம்மது ஹனீபாவின் வீரத்தையும் காதலையும் பொருளாகக் கொண்ட சைத்தூன் கிஸ்ஸாவை எந்த ஆலிமும் அறியாதிருக்கவில்லை. ம.மு. உவைஸ், பீ.மு. அஜ்மல்கான் இருவரும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வாயிலாக வெளியிட்ட இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றுத் தொகுதிகளைப் புரட்டுவோர் இவ்வகை நூல்களின் பெருக்கத்தைக் காணலாம். ஒருவர் வாசிக்க, பலர் கூடிச் செவிமடுத்த நூல்கள் இவை. ஐயம் எழுந்தால் கேட்பதற்கு அருகில் நன்னி இருந்தார். இன்று ஐயமும் விடையும் ஐந்தங்குலத் திரைக்குள்ளேயே தனித்து அடங்கிவிடுகின்றன. மாறியது கதையன்று, கேட்கும் சூழலே என்பது நம் கருத்து.

எனவே தேர்வுக்குரிய அளவுகோல் காதல் உண்டா, ஜின் உண்டா என்பதாக இருக்க முடியாது. அந்தக் காதல் எத்தகையது என்பதே கேள்வி. அதற்கான விடையை டி. கல்லுப்பட்டியிலேயே பெறலாம். தம் இறுதி ஆண்டுகளை அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்த ஜே.சி. குமரப்பா, சிறைவாசத்தில் எழுதிய 'நிலைத்த பொருளாதாரம்' நூலில் இயற்கையைக் கொண்டு பொருளாதாரத்தை ஐந்து வகையாகப் பிரித்தார். தனக்கு இடங்கொடுத்த உயிரையே அழிக்கும் ஒட்டுண்ணி கீழ்ப்படி. பாடுபடாமல் பறித்துண்பது அதற்கு அடுத்தது. உழைத்துப் பெறுவதும் கூடி வாழ்வதும் இடைப்படிகள். குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவையின் கைம்மாறு கருதாச் சேவை உச்சிப்படி. பொருளியலுக்கு வகுத்ததைக் காதற்கதைக்குப் பொருத்துவது விபரீதமாகத் தோன்றலாம். காட்டேரி நாவலுக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் நமக்குக் கிட்டவில்லை.

ஸ்டெபனி மேயரின் 'ட்வைலைட்' (2005) கதைநாயகன் எட்வர்ட், 1901இல் பிறந்து பதினேழு வயதிலேயே உறைந்துபோன காட்டேரி. காதலி பெல்லா மெய்யாகவே பதினேழு வயதினள். அவளுடைய குருதியின் மணம் அவனைக் கொல்லத் தூண்டுகிறது; அதனை அவன் அடக்கிக்கொள்வதே பெருங்காதலாகக் காட்டப்படுகிறது. நூலில் விரசம் இல்லை. தொடர் நூலொன்றில் திருமணத்துக்கு முன் உறவு கூடாதென எட்வர்டே வற்புறுத்துகிறான். இதனால் பெற்றோர் பலர் இதனைத் தீங்கற்றது எனக் கருதுவர். ஆனால் அவன் அவளறியாமல் இரவில் அவள் அறைக்குள் புகுந்து, அவள் உறங்குவதைப் பார்த்திருக்கிறான். 'எக்லிப்ஸ்' (2007) நூலில், அவள் தன் நண்பனைக் காணச் செல்லாதிருக்க அவளது வண்டியையே பழுதாக்குகிறான். பிறர் இல்லத்துள் அனுமதி பெற்று, ஸலாம் கூறி நுழையுமாறு பணிக்கும் ஸூரத்துந் நூரை ஓதும் பெண்ணுக்கு இது இனிய காதலாகத் தோன்றுமாயின், கோளாறு நாம் அவளுக்கு ஓதுவித்த முறையிலும் இருக்கிறது. விரசத்தை மட்டும் எண்ணிப் பார்த்து நூலைத் தேர்ந்தோர் இவ்விடத்தில் ஏமாறுவர்.

ரெனே அஹ்தியேயின் 'த ராத் அண்ட் த டான்' (2015) நமக்கு நெருங்கியது. ஆயிரத்தோரிரவுக் கதையின் மறுவார்ப்பு. தோழியைக் கொன்ற கலீபாவைப் பழிவாங்கத் தானே முன்வந்து அவனை மணக்கிறாள் ஷஹர்ஸாத். சாபமொன்று அவனைக் கொலைக்குத் தள்ளியதெனக் கூறி, ஆசிரியர் அவன் சுமையைக் குறைக்கிறார். பழைய கதையின் மன்னனுக்கு இச்சலுகை இல்லை. இது நாவலின் பலவீனம். எனினும் நாயகி வாதாடுகிறாள். காதலித்த பின்னரும் கொலையைக் கொலை என்றே அறிகிறாள். மணவறைக் காட்சிகள் சில உள்ளமையால், பதினாறு வயதுக்கு மேற்பட்டோர்க்கு, தாயும் படித்தபின் கொடுக்கலாம்.

சாரா ஜே. மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' பற்றி நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. 2015இல் இளையோர் நூலாக விற்கப்பட்டது. 2020இல் புதிய அட்டையுடன் பெரியோர் நூலாக மறுபதிப்புப் பெற்றது. பதிப்பகத்தின் வயதுக்குறியை நம்பி நூல் வாங்கலாகாது என்பதற்கு இந்த ஒன்றே போதும். இளையோர்க்கு இது வேண்டாம்.

2023 ஜூலையில் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு, கல்லுப்பட்டியிலிருந்து மகளோடு ஒரு விடுமுறை நாளில் சென்றுவருவது எளிது. அங்கு எந்நூலை எடுக்கிறாள் என்பதைவிட, எடுத்த நூலின் இருபது பக்கத்தை அத்தாவும் படிக்கிறாரா என்பதே முக்கியம். பதின்மூன்று முதல் பதினேழு வரையிலான வயதினர்க்கு, சைத்தூன் கிஸ்ஸாவை நல்ல உரைநடையில் எழுதித்தரும் துணிவு நம் பதிப்பகத்தாருக்கு வரவேண்டும். அதுவரையில் மகள் கையில் 'ட்வைலைட்' கண்ட தந்தை அதனைப் பறிக்க வேண்டா. எட்வர்ட் சாளரத்தின் வழியே நுழையும் பக்கத்தை எடுத்து, இவன் செய்தது சரியா அம்மா என்று கேட்கட்டும்.