மூடி போட்டுச் சுடுங்கள்: கெட்டில் கிரில் ஒரு பார்வை

காணும் பொங்கலுக்கு நண்பர்கள் குடும்பத்தோடு தோப்பில் கூடி, அங்கேயே கறி சுடலாம் என்று முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் வாங்குவது நான்கு கால் வைத்த திறந்த தகரப் பெட்டி அடுப்பைத்தான். விலை குறைவு, மடித்து காரில் போட்டுவிடலாம். ஆனால் அதில் கோழிக்கால் வெளியே கருகிவிடும், எலும்பை ஒட்டிய கறி வேகாமலே நிற்கும். அதனால் இந்த முறை பொள்ளாச்சிப் பக்கம் நண்பரின் தென்னந்தோப்புக்கு, 57 செ.மீ. விட்டமுள்ள மூடி போட்ட கெட்டில் கிரில்லைக் கொண்டுபோனோம்.

இந்த வடிவத்தைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஜார்ஜ் ஸ்டீபன். சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் என்ற உலோகப் பட்டறையில் வேலை பார்த்த அவர், 1952-ல் நீர்மிதவைக்கான இரும்புக் கோளத்தை அடுப்பாக்கினார். கீழ்ப்பாதி அடுப்பு, மேல்பாதி மூடி. இன்று பல நிறுவனங்கள் அதே வடிவத்தில் செய்கின்றன.

இதில் நெருப்பை ஆள்வது கரியின் அளவைவிடக் காற்றுதான். அடியில் ஒரு துளை, மூடியில் ஒரு துளை. மேல்துளையைத் திறந்தே வைத்துவிட்டு, கீழ்த்துளையைக் கூட்டிக் குறைத்தால் சூடு சொன்னபடி கேட்கிறது. கரியை ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கம் காலியாக விடுவது மிக முக்கியம். கோழிக்காலைக் காலிப் பக்கம் வைத்து மூடினோம். உள்ளே 190 டிகிரி செல்சியஸ் அளவில், முக்கால் மணி நேரத்துக்குள் எலும்புவரை வெந்துவிட்டது. கடைசியில் இரண்டு நிமிடம் கரிக்கு மேல் காட்டியதும் தோல் மொறுமொறுவென்று ஆனது. கொழுப்பு சொட்டித் தீ குபீரென்று எழுந்தால் தண்ணீர் தெளிக்கத் தேவையில்லை. கறியை நகர்த்தி, மூடியைப் போட்டால் காற்றில்லாமல் தீ அடங்கும்.

மூடியில் பதித்திருக்கும் வெப்பமானியை நம்பிக் கறியை எடுக்காதீர்கள். அது மூடிக்கடியில் உள்ள காற்றின் சூட்டைத்தான் காட்டும். கறிக்குள் குத்திப் பார்க்கும் ஊசி வெப்பமானி தனியாக வாங்கியே ஆக வேண்டும். கோழி உள்ளே 74 டிகிரியைத் தொட வேண்டும். குழந்தைகள் சாப்பிடும் விருந்தில் நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பது சரியல்ல.

ஆட்டுக்கறிதான் சோதனை. நம்மூர் வெள்ளாட்டின் தொடைக்கறி அதிரடிச் சூட்டுக்கு இறுகிப்போகும். பப்பாளிக்காய் அரைத்துத் தடவி ஊறவைத்த சிறு துண்டுகளும், நெஞ்செலும்பும் நன்றாக வந்தன. பெரிய துண்டு வேண்டுமென்றால் காலிப் பக்கத்தில் பல மணி நேரம் மெதுவாக வேக வைக்கும் பொறுமை வேண்டும். பசியோடு காத்திருக்கும் கூட்டத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கரிக்கு ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக்கருவேலங்கரியே போதும், நின்று எரிகிறது. கொட்டாங்குச்சிக் கரி புகை குறைவு, சூடு அதிகம். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் அந்த வாடை கறியில் ஏறும். அடியில் துளையிட்ட பழைய எண்ணெய் டின்னில் கரியை நிரப்பி, கீழே காகிதம் வைத்துக் கொளுத்துங்கள். கரியின் மேல் சாம்பல் பூத்த பிறகு கொட்டினால் போதும். விருந்து முடிந்ததும் இரண்டு துளைகளையும் மூடினால் மிச்சக் கரி அணைந்து அடுத்த முறைக்கு உதவும்.

குறைகளும் உண்டு. நாங்கள் வாங்கிய அடுப்பின் கால்கள் மெலிந்தவை. தோப்பு மண்ணில் ஒரு கால் புதைந்தது, பலகைத் துண்டு வைத்த பிறகே நேராக நின்றது. சாம்பல் தட்டு திறந்த வகை, காற்றடித்தால் பறக்கிறது. சாம்பல் கிண்ணம் மூடியிருக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். பத்துப் பேருக்கு மேல் என்றால் இரண்டு தவணையாகச் சுட வேண்டியிருக்கும்.

மழை வந்தாலும் இதை வீட்டுக்குள்ளோ மூடிய கார் ஷெட்டுக்குள்ளோ கொண்டுபோகாதீர்கள். கரி வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, உயிரை எடுக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை மட்டும் சுடுபவர்களுக்கு கெட்டில் கிரில்லின் விலை அதிகம். அவர்கள் யாரிடமாவது இரவல் வாங்கலாம். பொங்கல், தீபாவளி, விடுமுறை என்று நண்பர்கள் அடிக்கடி கூடும் வீடென்றால், திறந்த பெட்டியை விட்டுவிட்டு இதையே வாங்குங்கள்; கூடவே ஊசி வெப்பமானியும்.