ஸ்கிரிப்டிங் அடிக்‌ஷன்: போதை சிகிச்சை நிலையத்தில் பண்புசார் ஆய்வு – ஒரு விமர்சனம்

'ஸ்கிரிப்டிங் அடிக்‌ஷன்' அமெரிக்க மானுடவியலாளர் ஈ. சம்மர்சன் கார் எழுதிய ஆய்வு நூல். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2010-ல் வெளியிட்டது. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், வீடற்ற பெண்களுக்காக நடத்தப்பட்ட ஒரு போதை சிகிச்சைத் திட்டத்தில் மூன்றாண்டுகளுக்கு மேல் செய்த கள ஆய்வு இதற்கு அடிப்படை. அத்திட்டத்துக்கு நூலில் 'ஃப்ரெஷ் பிகினிங்ஸ்' என்று மாற்றுப்பெயர் இடப்பட்டுள்ளது. சிகிச்சை நிலையத்தில் பேட்டி எடுத்து ஆய்வு செய்ய நினைக்கும் எவரும் முதலில் படிக்க வேண்டிய நூல் இது என்பது என் கருத்து. அதே சமயம், தான் எழுப்பும் கேள்வியைத் தன் மீதே முழுதாகத் திருப்பிக்கொள்ளாத நூல் என்ற குறையும் இதற்கு உண்டு.

பேச்சே மருந்து, பேச்சே பரிசோதனை

எண்ணிக் கணக்கிடாமல், பேட்டி கண்டும் உடனிருந்து கவனித்தும் பேச்சைப் பதிவு செய்து பகுத்தும் மேற்கொள்ளப்படுவது பண்புசார் ஆய்வு. போதை சிகிச்சையில் இதற்குத் தனித் தேவை இருக்கிறது. ஆறு மாதத்துக்குப் பின் எத்தனை பேர் மறுபடி போதைக்குத் திரும்பினார்கள் என்பதைக் கணக்கெடுப்பு சொல்லிவிடும். நாற்பது நாள் தொடாமல் இருந்தவர் நாற்பத்தோராம் நாள் ஏன் தொட்டார் என்பதை அவர் வாயால்தான் கேட்க வேண்டும். ஆகவே ஆய்வு செய்பவர் ஒலிப்பதிவுக் கருவியோடு சிகிச்சை நிலையத்துக்குப் போகிறார்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கால் எலும்பு முறிந்தவர் என்ன பேசினாலும் எக்ஸ்ரே படம் மாறாது. போதை சிகிச்சையில் சிறுநீர்ப் பரிசோதனை, மருந்து எடுத்தாரா இல்லையா என்பதை மட்டுமே காட்டும். ஒருவர் 'தேறி வருகிறாரா' என்பதை அவர் தன்னைப் பற்றிப் பேசும் விதத்தை வைத்தே ஆலோசகர் முடிவு செய்கிறார். குழு அமர்விலும் தனி அமர்விலும் சேர்க்கைப் பேட்டியிலும் நடப்பதெல்லாம் பேச்சு. சிகிச்சையும் அதுவே, தேர்வும் அதுவே. ஃப்ரெஷ் பிகினிங்ஸ் தனி நிறுவனமாகவும் இயங்கவில்லை. வீடற்றோர் தங்குமிடம், தற்காலிக வீட்டுவசதி முதலியவற்றை நடத்தும் அமைப்புகளின் கூட்டமைப்பில் அதுவும் ஒன்று. ஒரு பெண் அமர்வில் எப்படிப் பேசினாள் என்பது அவளுக்குக் கூரை கிடைப்பதையும் பிள்ளைகள் அவளோடு இருப்பதையும்கூடத் தொட்டுவிடக்கூடிய ஏற்பாடு அது.

அந்த நிலையத்தின் பேச்சுமுறைக்குப் பின்னே ஒரு நம்பிக்கை இருப்பதாக சம்மர்சன் கார் காட்டுகிறார். நலமான மனிதரின் பேச்சு உள்ளே ஏற்கெனவே இருக்கும் உணர்வையும் நினைவையும் அப்படியே வெளியே கொண்டுவரும். போதைக்கு ஆளானவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. அதைத் திறப்பதே சிகிச்சை என்பது அந்த நம்பிக்கை. நேர்மை, திறந்த மனம், விருப்பம் ஆகிய மூன்றும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் வட்டாரத்திலிருந்து வந்த மந்திரச் சொற்கள். இம்மூன்றின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்தால் 'எப்படி' என்று பொருள்படும் சொல் வரும் என்பதால், மனப்பாடம் செய்யவும் எளிது.

இந்த நம்பிக்கையின் விளைவைக் காட்டும் பகுதிகளே நூலின் பலம். உள்ளத்தைப் பற்றிய பேச்சு மட்டுமே நலமான பேச்சு என்று வைத்துக்கொண்டால், வெளியுலகைப் பற்றிய பேச்சு எல்லாம் என்ன ஆகும்? குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, நிலையத்தின் விதி நியாயமாக இல்லை என்று ஒரு பெண் முறையிட்டால், அது முறையீடாகப் போய்ச் சேர்வதில்லை. 'மறுத்தல்' என்ற நோய்க்குறியாகப் பதிவாகிறது. தன் நோயைப் பார்க்க மனமில்லாமல் பிறரைக் குறை சொல்கிறாள் என்று பொருள் கொள்ளப்படுகிறது. தான் சொல்வது உண்மை என்று அவள் வற்புறுத்த வற்புறுத்த நோய் முற்றியிருப்பதாகத் தோன்றும். வறுமை, இனப்பாகுபாடு, வீட்டுப் பற்றாக்குறை ஆகியவற்றைப் பற்றி அதிகம் அறிந்த பெண்கள் அவற்றைப் பற்றிப் பேச வாய்ப்பில்லாத இடம் அது. ஆலோசகர்களை வில்லன்களாக ஆக்காமல் இதை எழுதியிருப்பது குறிப்பிடத்தக்கது. அவர்களும் குறைந்த நிதியில், மேலிருந்து வரும் நெருக்கடியில், பழகிய கருவியைக் கொண்டு வேலை செய்பவர்களாகவே வருகிறார்கள்.

வசனத்தைத் திருப்பிப் போடுதல்

நூலில் அதிகம் பேசப்பட்ட பகுதி ஆறாம் அத்தியாயம். தங்களிடம் எதிர்பார்க்கப்படும் பேச்சு எது என்பதைப் பெண்கள் நன்றாகக் கவனித்துக் கற்றுக்கொள்கிறார்கள். பின்பு அதையே பிசகில்லாமல் பேசி, தங்களுக்கு வேண்டியதைப் பெறுகிறார்கள். இதற்கு அவர்கள் பயன்படுத்தும் ஆங்கில வழக்கைத் தமிழில் 'வசனத்தைத் திருப்பிப் போடுதல்' எனலாம். பள்ளிக்கூடச் சொல்லில் சொன்னால், ஒப்பித்தல். நன்றாக ஒப்பிப்பவரையும் மெய்யாகவே மனம் மாறியவரையும் பேச்சை மட்டும் வைத்துப் பிரித்தறிய ஆலோசகருக்கு வழியில்லை.

எனக்கு இதைப் படித்தபோது பள்ளி ஆய்வு நாட்கள் நினைவுக்கு வந்தன. ஆய்வாளர் வரும் நாளில் எந்தக் கேள்விக்கு யார் கை தூக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். நாங்கள் சொல்லிக்கொடுத்தது பாதி. பிள்ளைகளே புரிந்துகொண்டது மீதி. வந்தவர் திருப்தியாகக் குறிப்பெழுதிவிட்டுப் போவார். அவர் எழுதியது பொய்யில்லை. அந்தப் பதில்கள் அந்த வகுப்பில் மெய்யாகவே சொல்லப்பட்டவை. ஆனால் அவர் ஆய்ந்தது பாடத்தை அல்ல, தன் வருகையை. தமிழில் அந்த அதிகாரிக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து வருபவருக்கும் 'ஆய்வாளர்' என்ற ஒரே சொல் வழங்குவது தற்செயலானாலும் பொருத்தமானது.

சிகிச்சை நிலையத்துக்குப் பேட்டி எடுக்க வருபவரைப் பெண்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை இங்கிருந்து ஊகிக்கலாம். பேட்டி நடப்பது பெரும்பாலும் ஆலோசகரின் அறையில். ஒப்புதல் படிவம் நீட்டப்படுகிறது; கையெழுத்துப் போட்டால்தான் படுக்கை கிடைக்கும் என்று பழகிய இடத்தில் இன்னொரு கையெழுத்து. 'உங்கள் போதைப்பழக்கம் எப்படித் தொடங்கியது?' என்பது முதல் கேள்வி. அதே கேள்விக்குச் சேர்க்கையின்போதும் குழு அமர்விலும் பதில் சொல்லி மெருகேறிய கதை தயாராக இருக்கிறது. இப்படி எடுக்கப்பட்ட இருபது பேட்டிகளில் சிறுவயதுக் காயம், வீழ்ச்சி, அடிமட்டத்தைத் தொடுதல், திருந்துதல் என்ற அதே கட்டங்கள் திரும்பத் திரும்ப வந்தால், அது போதையின் இயல்பா, நிலையத்தின் பாடத்திட்டமா? இந்தக் கேள்வியைக் கேட்காமல், அக்கட்டங்களைக் 'கண்டறிந்த கருப்பொருள்கள்' என்று அட்டவணை போடும் கட்டுரைகளை நம்புவது கடினம்.

இரகசியம் காக்கப்படும் என்ற உறுதிமொழியும் முழுமையானது அல்ல. அமெரிக்காவில் போதை சிகிச்சைப் பதிவேடுகளுக்கு 1970-களில் உருவான கூட்டாட்சிச் சட்டவிதிகள் தனிப் பாதுகாப்பு அளிக்கின்றன. ஆய்வுத் தரவுகளை நீதிமன்றம் கேட்டு வாங்க முடியாதபடி காக்கும் சான்றிதழும் உண்டு. ஆனால் குழந்தைகளுக்குத் தீங்கு நேர்வதாகத் தெரிந்தால் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டத்துக்குப் பதிவேடுகளின் பாதுகாப்பு குறுக்கே நிற்காது. தாய்மார்கள் அஞ்சுவதும் அந்த ஒரு விலக்கைத்தான். வேறு எதை வேண்டுமானாலும் பேசுவார்கள். பிள்ளைகளைப் பற்றி எச்சரிக்கையோடுதான் பேசுவார்கள்.

முன் சென்றவர்கள்

இந்தச் சிக்கலை முதலில் கண்டவர் சம்மர்சன் கார் அல்ல. கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் 1935-ல் திறக்கப்பட்ட கூட்டாட்சி அரசின் போதை மருத்துவமனை, சிறைக்கைதிகளையும் தாமாக வந்தவர்களையும் ஒன்றாக வைத்திருந்த இடம். 1960-களின் இறுதியில் அங்கே பணியாற்றிய மைக்கேல் ஏகர், தெருவில் நடப்பதை மருத்துவமனைக்குள்ளிருந்து அறிய ஒரு வழி கண்டார். நோயாளிகளையே தெருக் காட்சிகளை நடித்துக் காட்டச் சொல்லிப் பதிவு செய்தார். அதிலிருந்து அவர்களின் சொற்களை எடுத்து, அச்சொற்களைக் கொண்டே மேற்கொண்டு கேள்விகளை அமைத்தார். 1973-ல் வெளிவந்த 'ரிப்பிங் அண்ட் ரன்னிங்' நூல் இதன் பயன். நடிப்பு என்று தெரிந்தே நடிக்கச் சொன்னதால் இதில் ஒரு நேர்மை இருக்கிறது. குற்ற உணர்வைச் சொல்லச் சொல்லாமல், அவர்கள் எதில் தேர்ந்தவர்களோ அதைக் கேட்டார். பணம் தேடுவது, சரக்கு வாங்குவது, போலீசிடம் சிக்காமல் இருப்பது ஆகியவை ஒரு தொழிலுக்குரிய அறிவாக அந்நூலில் விரிகின்றன.

லாரன்ஸ் வீடர் 1974-ல் வெளியிட்ட 'லாங்குவேஜ் அண்ட் சோஷியல் ரியாலிட்டி' இன்னும் கூர்மையானது. லாஸ் ஏஞ்சலிஸில், பரோலில் வந்த போதைப்பழக்கக் கைதிகளுக்கான இடைநிலை விடுதியில் நடந்த ஆய்வு அது. கைதிகளிடையே காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற எழுதா விதி உண்டு. அந்த விதியை ஒருவர் எடுத்துச் சொல்லும்போது அது வெறும் தகவல் அல்ல என்பதை வீடர் கண்டார். நட்பாக நடந்துகொண்டிருந்த உரையாடலில் 'அதைச் சொன்னால் காட்டிக்கொடுத்ததாகும்' என்று பொருள்பட ஒருவர் சொன்னதும், பேச்சு அங்கே நின்றுவிடுகிறது. கேட்டவர் எந்தப் பக்கத்து ஆள் என்பதும் நினைவூட்டப்படுகிறது. விதியைச் சொல்வதே ஒரு செயல். 1974-ஆம் ஆண்டு நூலின் இந்தப் பாடம் பண்புசார் ஆய்வு நெறிநூல்களின் பேட்டி அத்தியாயங்களில் இன்னும் உரிய இடம் பெறவில்லை என்பது வியப்பே.

குறைகள்

நூலின் நடை கடினம். குறியியல் கலைச்சொற்கள் வரிக்கு வரி வருகின்றன. ஆலோசகர்களும் சமூகப்பணியாளர்களும் படித்துப் பயன்பெற வேண்டிய செய்தியை அவர்களால் எட்ட முடியாத மொழியில் எழுதியிருப்பது இழப்பு.

அதைவிடப் பெரிய குறை வேறு. தாங்கள் வசனத்தைத் திருப்பிப் போட்டதாகப் பெண்கள் சொன்னதை நூல் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது. ஆலோசகரிடம் சொன்னது வசனம் என்றால், ஆய்வாளரிடம் சொன்னது மட்டும் எப்படி வாக்குமூலம் ஆகும்? நிறுவனத்தைக் கேள்வி கேட்பவராகத் தோன்றும் ஓர் ஆய்வாளரிடம், 'நான் ஏமாந்தவள் இல்லை, அவர்களுக்கு வேண்டியதைக் கொடுத்துக் காரியம் சாதித்தேன்' என்று சொல்வதும் கேட்பவருக்கு ஏற்ற ஒரு வசனமாக இருக்கலாம். அப்படிச் சொல்வதில் மானம் காக்கப்படுகிறது. வீடரின் பாடத்தை இங்கே பொருத்திப் பார்த்திருக்க வேண்டும். நூல் இக்கேள்விக்குக் கொடுத்திருக்கும் இடம் போதாது.

இதோடு சேர்ந்த இன்னொன்று. பேச்சு உள்ளத்தின் கண்ணாடி என்ற நம்பிக்கையை மறுப்பதே நூலின் நோக்கம். ஆனால் 'ஒப்பித்தவர்', 'மெய்யாகச் சொன்னவர்' என்று பிரிப்பதற்கே உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இருந்தது என்று கொள்ள வேண்டியிருக்கிறது. வாசல் வழியே வெளியேற்றிய நம்பிக்கை கொல்லை வழியே திரும்ப வந்துவிடுகிறது. அனுபவமும் இந்தப் பிரிவினைக்கு முழுதாக இடம் தருவதில்லை. வாய்ப்பாட்டைப் பொருள் தெரியாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்கு, ஏதோ ஒரு நாள் கடையில் சில்லறை எண்ணும்போது அது தன்னுடையதாகிவிடுகிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களிலும், நம்பிக்கை வரும்வரை நம்புவதுபோல் நட என்ற அறிவுரை வெளிப்படையாகவே வழங்குகிறது. காரியத்துக்காகப் பேசத் தொடங்கி, அந்தப் பேச்சாலேயே மாறியவர்களும் இருப்பார்கள் அல்லவா? அவர்களுக்கு இந்த நூலின் சட்டகத்தில் வசதியான இடம் இல்லை. மீட்சி என்ற ஒன்று நடக்கிறதா என்ற கேள்வி, பேச்சின் அரசியல் பற்றிய கேள்விக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது.

அதே 2010-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ஏஞ்சலா கார்சியாவின் 'த பாஸ்டரல் கிளினிக்' நூலை இதோடு சேர்த்துப் படிப்பது நல்லது. நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஹெராயின் மரணங்கள் மிகுந்த எஸ்பன்யோலா பள்ளத்தாக்கில் நடந்த ஆய்வு அது. கார்சியா அதே மாநிலத்தில் வளர்ந்தவர். போதை நீக்க நிலையமொன்றில் உதவியாளராக இரவுப் பணியில் சேர்ந்தே அவர் ஆய்வு செய்தார். பகலில் அமர்வுகள், இரவில் நடுக்கம், வாந்தி, தூக்கமின்மை. கேள்விப் பட்டியலோடு வருபவரிடம் ஒருவர் சொல்வது வேறு. தூக்கம் வராத இரவில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது வேறு. தலைமுறைகளாக நிலத்தை இழந்த குடும்பங்களின் துக்கமும், நோய் தீராது, திரும்பத் திரும்ப வரும் என்று சொல்லியே அனுப்பும் சிகிச்சைமுறையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை அந்நூல் காட்டுகிறது. பணியாளராக இருந்ததால் கார்சியாவுக்கும் நோயாளிகள் மீது அதிகாரம் இருந்தது. கண்காணிப்பவர்களில் அவரும் ஒருவர். வெளியே நிற்பதான பாவனை அவருக்குச் சாத்தியமில்லை. ஒரு நோயாளியின் மரணத்தை எழுதும்போது தன் பங்கையும் சேர்த்தே அவர் எழுத வேண்டியிருந்தது. சம்மர்சன் காரின் நூலில் ஆலோசகர்கள் மீதும் பெண்கள் மீதும் விழும் வெளிச்சம் எழுதுபவர் மீது இந்த அளவுக்கு விழுவதில்லை.

சம்மர்சன் கார் பின்னர் 'மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்' என்னும் ஆலோசனை முறையை ஆராய்ந்து, 'வொர்க்கிங் த டிஃபரன்ஸ்' என்ற நூலை 2023-ல் வெளியிட்டார். அதில் அவர் கவனிப்பது அம்முறையைக் கற்பவர்களையும் கற்பிப்பவர்களையும். ஆலோசகர்கள் பேசக் கற்றுக்கொள்ளும் வசனம் அதன் பொருள்.